வாயில்லாச் சீவனும் நமது ஆசையும்



கடந்த பட்டிப்பொங்கலன்று எமது அயலில் உள்ள ஓர் இளைஞன் என்னிடம் வந்தான். ஆசையோடு ஒரு நாம்பனை வாங்கிச் சவாரிக்குப் பழக்கிக்கொண்டிருப்பவன். "பெரியப்பா, ஒழுங்கையிலை ஓடவிட்டால் இதைப்போல மாடு இல்லை. திடலுக்குக் கொண்டுபோனால் மட்டும் நடுங்குது. தொடர்ந்து பழக்கிறதோ, விடுறதோ?" என்று கேட்டான். முப்பது வருடங்களுக்கு மேல் அரச அலுவலகத்தில் இலிகிதராகக் கோவைகளோடு காலம் கழித்தவன் நான். எந்தக் கேள்விக்கும் ஒரு சுற்றறிக்கை இருக்கும் என்று பழகிவிட்டேன். இதற்குச் சுற்றறிக்கை இல்லை. அன்று பதில் சொல்லாமலே அனுப்பிவிட்டேன். பின்னர் யோசித்ததை இங்கே எழுதுகின்றேன்.

மாட்டுவண்டிச் சவாரி எமது மண்ணின் பழைய விளையாட்டு. போர்க்காலத்தில் பல திடல்கள் ஓய்ந்து கிடந்தன. 2009இற்குப் பின்னர் வடக்கில் அவை மீண்டும் களைகட்டின. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. நல்ல சவாரிச் சோடியை வைத்திருப்பவன் தான் உண்ணமுன் மாட்டுக்குத் தீனி வைப்பான் என்பதை ஊர் அறியும். பழக்குவதெல்லாம் கொடுமை என்றும் சொல்ல முடியாது. முதன்முதலாக நுகம் வைக்கும்போது எந்த நாம்பனும் மிரளத்தான் செய்யும். ஏடு தொடக்கிய அன்று அழாத பிள்ளை உண்டா? அழுகிறது என்பதற்காகப் படிப்பை நிறுத்திவிடுகின்றோமா?

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளை படிப்பது பிள்ளையின் நன்மைக்காக. மாடு ஓடுவது யாருடைய நன்மைக்காக? கிண்ணமும் பெயரும் நமக்கே வருகின்றன. இன்று கஷ்டப்பட்டாலும் நாளை நன்றி சொல்லும் என்று மாட்டின் விடயத்தில் நாம் ஆறுதலடைய இடமில்லை.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய கேள்வியும் அன்று. 2021 ஓகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுக்கள் சேர்ந்த பென்டத்லன் போட்டி நடந்தது. அதில் அப்போது வீரர்களுக்குச் சீட்டுக் குலுக்கி முன்பின் அறியாத குதிரையைக் கொடுத்தார்கள். பழகுவதற்குக் கிடைத்தது 20 நிமிடங்கள். முதலிடத்தில் நின்ற ஜேர்மன் வீராங்கனைக்குக் கிடைத்த செயின்ட் போய் என்ற குதிரை தடைகளைத் தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே சவுக்கை உபயோகித்தார். பயிற்றுநர் குதிரையைக் கையால் குத்தி, போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பின்னர் அந்தப் போட்டியில் குதிரையேற்றமே இல்லாமல் போனது. வீராங்கனையின் கண்ணீரை உலகம் முழுவதும் கண்டது. குதிரைக்கோ மறுத்து நிற்பதைத் தவிர வேறு மொழி இல்லை.

மாட்டின் மொழியும் அதுதான். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அது ஏறத்தாழச் சுற்றிவர எல்லாவற்றையும் காண்கிறது. மனிதர் காதுக்கு எட்டாத கூரிய ஒலியும் அதற்குக் கேட்கும். ஒலிபெருக்கியும் சனத்தின் கூச்சலும் நமக்குத் திருவிழா. அதற்கு நாலா பக்கமும் ஆபத்து. எனவே முதலில் நோவு ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். கழுத்தில் நுகப்புண் இருக்கலாம், லாடம் அடித்த குளம்பு நோகலாம், நாணயக்கயிறு மூக்கை வெட்டியிருக்கலாம். நோவினால் மிரளும் மாட்டுக்கு அடி மருந்தாகாது. நோவு இல்லையென்றால் சனமில்லாத வேளையில் வெறுந்திடலில், பழகிய மாடொன்றோடு சேர்த்து, மெல்ல நடத்திப் பார்க்கலாம். வெள்ளைவிழி தெரிகிறதா, சாணம் கழிகிறதா, வீட்டுக்கு வந்த பின் படுத்து இரைமீட்கிறதா என்று கவனிக்க வேண்டும். நாளுக்கு நாள் பயம் குறைந்தால் அது பழக்கம். கூடிக்கொண்டு போனால் அது வதை.

இலங்கையில் விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் தழும்பைத்தான் பார்க்கும். நடுக்கத்தைப் பார்க்க வேண்டியது வளர்ப்பவனுடைய மனச்சாட்சி.

இனி, நான் இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டு எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீட்டில் மயிலை எருது ஒன்று நின்றது. உழவிலும் பாரம் இழுப்பதிலும் தங்கமான மாடு. திடலில் மட்டும் நுரை தள்ளி நடுங்கும். "துவரங்கேட்டியாலை நாலு குடுத்தால் சரிவரும்" என்பார் குஞ்சியப்பு. ஐயாவுக்கு மனமில்லை. "இன்னும் ஒருக்கால் விட்டுப் பாப்பம் ஐயா" என்று கெஞ்சியவன் நான்தான். அந்த ஒருக்காலில், ஓட்டம் தொடங்குமுன்பே அது நுகத்தோடு படுத்துவிட்டது. சனம் சிரித்தது. "இனி வேண்டாம்" என்றார் ஐயா. புண்ணியம் செய்துவிட்டதாக நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் சோடிக்கு வேறு மாடு வாங்கக் காசு வேண்டியிருந்தது. இரண்டு மாதத்துக்குள் மயிலையை விற்றோம். வாங்க வந்தவர் உழவுக்காரர் அல்லர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கயிறு கைமாறிய பின்னர் ஐயா கிணற்றடியில் வெகுநேரம் நின்றார். நான் அவருக்குக் கிட்டப் போகவில்லை.

திடலில் அதை வருத்தியது ஒரு பிழை. நிறுத்திய பின் கைவிட்டது அதைவிடப் பெரிய பிழை. பழக்குவதை நிறுத்துவதோடு கருணை முடிந்துவிடுவதில்லை. அங்கேதான் அது தொடங்குகிறது.

ஆகவே அந்த இளைஞனுக்கு என் பதில் இதுதான். தம்பி, பொறுமையாக ஒரு பருவம் பார். பயம் கூடினால் விட்டுவிடு. விட்ட பின் உன் பட்டியிலேயே அதை வைத்துப் பார். வண்டியில் கட்டு, தோட்டத்தில் வேலை வாங்கு, கிழடானாலும் விற்காதே. "அப்ப வைக்கலுக்கு ஆர் காசு தாறது?" என்று நீ கேட்பாய். ஆசைப்பட்டவன்தான் தரவேண்டும். அதற்கு இயலாதவன் முதலிலேயே நாம்பன் வாங்க ஆசைப்படலாகாது.

கன்றை இழந்த பசுவும் நீதி கேட்கும்படி வாயிலில் மணி கட்டி வைத்தவன் மனுநீதிச் சோழன் என்று புராண படனத்தில் கேட்டிருக்கின்றோம். எங்கள் மயிலைக்கு மணி இருக்கவில்லை. நடுக்கம் மட்டுமே இருந்தது. அந்த ஓசையைக் கேட்கும் செவியை எம்பெருமான் நம் எல்லோருக்கும் தந்தருள்வாராக.