சாட்சி உள்ள அளவே சொல்

யாங்கோன் நகருக்கு மேற்கே, லைங் ஆற்றுக்கு அப்பால், 1989-இல் இராணுவ அரசு நிறுவிய லைங் தாயா, நகரின் நடுப்பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களையும், 2008-இல் நர்கிஸ் புயலில் வீடும் வயலும் இழந்து ஐராவதிக் கழிமுகத்திலிருந்து வந்தவர்களையும், ஆடைத் தொழிற்சாலை வேலையை நம்பி வந்த நாட்டுப்புறப் பெண்களையும் ஏற்று வளர்ந்து, 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6,87,867 பேருடன் மியான்மரிலேயே அதிக மக்கள் வாழும் நகரியமாகப் பதிவாயிற்று. அங்கே தைக்கப்படும் ஆடைகள் கடல் கடந்து செல்லும்போது, அவற்றைத் தைத்தவர்களின் வாழ்வு பற்றிய கதைகளும் விற்பனைக்குத் துணையாக உடன் செல்கின்றன. பொருளை நேராகப் புகழாமல், வாங்குவோருக்குப் பயன்படும் செய்தி, விளக்கம், காணொளி, மனிதக் கதை ஆகியவற்றை இலவசமாகத் தந்து நம்பிக்கையை ஈட்டி, அதன் வழியே விற்பனையை வளர்க்கும் இம்முறைக்கு உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்று பெயர். உழவுக் கருவி செய்த ஜான் டியர் நிறுவனம் 1895-இல் விவசாயிகளுக்கென்று இதழ் தொடங்கியதிலிருந்து இதன் வரலாற்றைச் சொல்வது வழக்கம்.

இத்தகைய உள்ளடக்கத்தை ஆண்டுக்குப் பத்து என்ற நிலையிலிருந்து ஆயிரம் என்ற நிலைக்கு, தரம் கெடாமலும் ஆள் சோர்ந்து விழாமலும் எப்படிப் பெருக்குவது என்பதை மேலாண்மை நூல்கள் ஆள், கருவி, கால அட்டவணை பற்றிய கேள்வியாகவே பார்க்கின்றன. ஆனால் அதற்கு முன்பே விடை தேட வேண்டிய அறக் கேள்வி ஒன்று உண்டு: சொல்லையே பிழைப்பாகக் கொண்டவர் சொல்லை எந்த எல்லை வரை பெருக்கலாம்? பௌத்தத்தின் எண்வகை மார்க்கத்தில் நல்வாய்மையும் (சம்மா வாசா) நல்வாழ்க்கையும், அதாவது பிறருக்குத் தீங்கின்றிப் பொருளீட்டுதலும் (சம்மா ஆஜீவா), தனித்தனி உறுப்புகளாக வைக்கப்பட்டுள்ளன. நெசவாளிக்கும் உழவருக்கும் அவை வேறு வேறாக இருக்க, உள்ளடக்கம் எழுதுபவருக்கு மட்டும் அவை ஒன்றாகிவிடுவதால், வாய்மை பிறழும் இடத்திலேயே அவருடைய பிழைப்பும் பிறழ்ந்துவிடுகிறது.

இந்த இணைவைப் பௌத்த மரபு மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது. வஜ்ஜி நாட்டில் பஞ்சம் நிலவிய ஒரு மழைக்காலத்தில், வக்குமுதா ஆற்றங்கரையில் தங்கியிருந்த பிக்குகள், பிச்சை கிடைப்பது அரிதானபோது, இல்லறத்தாரிடம் சென்று ஒருவருடைய ஞான நிலையை மற்றவர் புகழ்ந்துரைப்பது என்று முடிவு செய்ததாகத் துறவிகளின் ஒழுக்க விதிநூலான விநய பிடகம் விவரிக்கிறது. மக்கள் தாம் உண்ணாமலும், தம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமலும் அவர்களுக்கு இட்டார்கள். மழைக்காலம் முடிந்து வைசாலியில் புத்தரைக் காணப் பிற இடங்களிலிருந்து வந்த பிக்குகள் மெலிந்து நரம்பு தெரிய நின்றபோது, இவர்கள் மட்டும் செழித்த உடலோடு வந்து நின்றார்கள். இல்லாத உயர்நிலையைத் தனக்கு உண்டென்று சொல்லி உண்பவனே பெருந்திருடர் ஐவரில் தலையாயவன் என்று புத்தர் கடிந்ததும், அதிலிருந்து துறவு நிலையையே இழக்கச் செய்யும் நான்காம் விதி, அதாவது நான்காம் பாராஜிகம், பிறந்ததும் அங்கே சொல்லப்படுகின்றன. இந்நிகழ்ச்சியில் குற்றம் பொய்யோடு நின்றுவிடவில்லை. பொய்யின் விலையைப் பசித்த குழந்தைகள் கொடுத்தார்கள் என்பதே அதன் கனம். வாங்குபவரும் தைப்பவரும் எளியவர்களாக இருக்கும் எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

மஜ்ஜிம நிகாயம் என்ற உரைத் தொகுப்பிலுள்ள மகாசத்தாரீசக சுத்தம் (அறவுரை) தவறான பிழைப்பு வழிகள் ஐந்தைக் கூறுகிறது: பாசாங்கு, முகத்துதி, குறிப்புக் காட்டிக் கேட்டல், பிறரைத் தாழ்த்திப் பேசுதல், லாபத்தைக் கொண்டு மேலும் லாபம் தேடுதல். காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததைக் குறிப்பிடும் உரையாசிரியர் புத்தகோசர், ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய விசுத்திமார்க்கத்தில் இவற்றை ஒவ்வொன்றாக விரித்துரைக்கிறார். ஐந்தாவது வழிதான் இங்கே கடினமானது. ஒரு வீட்டில் பெற்றதை மறுவீட்டில் கொடுத்து அதைவிடப் பெரிதாகப் பெற முயல்வது தவறு என்றால், இலவச அறிவைத் தந்து வாடிக்கையாளரை ஈர்க்கும் தொழில் முழுவதுமே தவறாகிவிடாதா? இந்தக் கண்டிப்பு துறவிக்கு உரியது என்பதும், இல்லறத்தார் பொருள் சேர்ப்பதை அதே மரபு மனமார ஏற்கிறது என்பதும் விடையின் ஒரு பாதி மட்டுமே. கூடுதலாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடுக்காமலும் வெளிப்படையாகச் சொல்லி விற்ற காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுவதிலும் அதே ஏற்பு தெரிகிறது. மறுபாதியை இப்படிக் கூறலாம்: எதையும் வாங்காமலே போய்விடும் வாசகருக்கும் முழுப் பயன் தரும் செய்தி கொடையாகவே நிற்கிறது, வாங்கினால்தான் பயன்படும் செய்தி தூண்டிலாகிறது.

மற்றொரு தொகுப்பான தீக நிகாயத்தின் சிகாலோவாத சுத்தம், வண்டு தேன் சேர்ப்பதுபோலப் பொருளீட்டுபவரின் செல்வம் கறையான் புற்றைப்போல் வளரும் என்றும், வருவாயை நான்காகப் பகுத்து ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலில் இட்டு, ஒன்றை இடர்காலத்துக்குச் சேமிக்க வேண்டும் என்றும் இல்லறத்தாருக்கு அறிவுறுத்துகிறது. வளர்ச்சிக்கு இங்கே தடையில்லை. உள்ளே மண் இருக்கும் அளவுக்கே புற்று மேலே எழும் என்ற வேகக் கட்டுப்பாடு மட்டுமே உள்ளது.

உள்ளடக்கத்துக்கு அந்த மண் எது என்பதற்கு, பொய்யுரையைப் பாலி சுத்தங்கள் விளக்கும் முறை தெளிவான விடை தருகிறது. சாட்சி கூற அவைமுன் நிறுத்தப்பட்டவன் அறியாததை அறிந்ததாகவும், காணாததைக் கண்டதாகவும் தெரிந்தே சொல்வதையே அவை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. லைங் தாயாவின் தையல் வரிசையைக் கண்டிராத ஒருவர், தொலைவிலுள்ள நகரில் அமர்ந்து, அங்குள்ள பெண்களின் மகிழ்ச்சியைப் பற்றி வாரந்தோறும் எழுதினால், அவர் நல்லெண்ணம் கொண்டவராயினும் அந்தச் சாட்சியின் இடத்திலேதான் நிற்கிறார். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒரு மணி நேரத்தில் நூறு கட்டுரைகளை ஆக்கித் தரும் இக்காலத்தில் சொற்கள் பெருகலாம், ஆனால் கண்டவர்கள் பெருகவில்லை. ஆகவே விரிவாக்கத்தின் உண்மையான எல்லை கண்டவர்களின் எண்ணிக்கைதான். விரிவாக்கத்துக்கு ஒதுக்கும் பணம் முதலில் ஆலையைச் சென்று பார்ப்பவருக்கும், வெட்டுபவர், தைப்பவர், மேற்பார்ப்பவர் ஆகியோரைத் தடையின்றிப் பேசவைப்பதற்கும் போக வேண்டும்; எழுதுபவரின் முறை அதன் பிறகே.

சாட்சியில்லாச் சொல் பெருகினால் என்னாகும் என்பதை மியான்மர் கண்டிருக்கிறது. 2014-இல் அயல்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் வந்து சிம் அட்டையின் விலை 1,500 கியாட்டுக்கு இறங்கியபின், பலருக்கு ஃபேஸ்புக்கே இணையமாயிற்று. அழகுக் குறிப்பும் பொழுதுபோக்கும் தரும் பக்கங்களாகத் தோன்றி, பின்னணியில் இராணுவத்தோடு தொடர்புடையவையாக இருந்த 13 பக்கங்களை 2018 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் நீக்கியபோது, 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றைப் பின்தொடர்ந்திருந்தார்கள். ரோஹிங்கியா மக்கள் மீதான வெறுப்பு இதே தளத்தில்தான் பரவியது. பயனுள்ளதைத் தந்து நம்பிக்கையைச் சேர்த்து, சேர்த்ததை வேறொன்றுக்குச் செலவிடுதல் என்ற ஐந்தாம் வழி இங்கே உயிர்களைப் பலிகொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

2021 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் தொழிலாளர் அமைப்புகள் பலவற்றைச் சட்டவிரோதமாக்கியது. மார்ச் 14 அன்று லைங் தாயாவில் குறைந்தது 65 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது, அன்று மாலையே அங்கு இராணுவச் சட்டம் வந்தது. சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளரின் உண்மை நிலையை அறிவது மிகக் கடினம் என்ற கவலை வாங்கும் நிறுவனங்களிடையே வலுத்தது. ஆடை விற்பனை நிறுவனமான எச் அண்ட் எம் 2023 ஆகஸ்டில் மியான்மர்க் கொள்முதலைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. வெளியேறுவது சரியா, தங்கியிருந்து கூலியைக் காப்பது சரியா என்பதில் நேர்மையானவர்களே பிரிந்து நிற்கிறார்கள். ஆனால் சாட்சி வாய்திறக்க முடியாத ஊரைப் பற்றி மகிழ்ச்சிக் கதை எழுதலாமா என்பதில் அந்தப் பிரிவுக்கு இடமில்லை.

2020-இல் ஓர் ஆலையில் தொழிலாளர் குழு தடையின்றி இயங்குவதாக உண்மையாகவே எழுதப்பட்ட கட்டுரை, 2021-க்குப் பிறகும் திருத்தப்படாமல் நின்றால், எவரும் வாய்திறந்து பொய் சொல்லாமலேயே பொய்யாகிவிடுகிறது. தம்மைத் தாமே மிகையாக மதிப்பிட்டு, ஞானம் பெற்றதாக மெய்யாகவே நம்பிச் சொல்லிவிட்ட பிக்குகளுக்கு நான்காம் பாராஜிகம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அவர்கள் பின்னர் தம் நிலையை உணர்ந்து மனம் வருந்தி, புத்தரின் அணுக்கத் தொண்டரான ஆனந்தரிடம் தாங்களே சென்று சொன்னவர்கள். ஆயிரம் கட்டுரைகளை வெளியிட்டுள்ள நிறுவனத்துக்கு, அவற்றில் எவை இன்றும் உண்மை என்று லைங் தாயாவுக்குச் சென்று பார்த்து, உண்மையில்லாதவற்றை எடுத்துவிடும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களின் கூலியும் ஆயிரத்தோராவது கட்டுரையின் விலையில் அடங்கியதே.