வாசல்வரை வரும் அன்பு



பிள்ளைகளின் ஆய்க்கினையால் இன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் நாயோ பூனையோ வளர்கிறது. ஊரில் முற்றத்தோடு நின்ற நாய், இங்கே குளிரினால் விறாந்தையையும் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. நாயிடம் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அது பைரவரின் வாகனம். தன்னைப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தவர் தருமர்.

மாலையில் கணவர் வேலையால் வருகிறார். நாய் வாசலுக்கு ஓடுகிறது. அவர் குனிந்து தடவி, "என்ன குஞ்சு, பசிக்குதோ?" என்று குழைகிறார். பின் நிமிர்ந்து மனைவியிடம், "லைட் பில் கட்டியாச்சோ?" என்கிறார். மனைவியும் திரும்பிப் பாராமலே, "சாப்பாடு மேசையில இருக்கு" என்கிறார். இருவரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் "எனக்கு அன்பைக் காட்டத் தெரியாது" என்ற சாட்டு இங்கே எடுபடாது. சற்று முன்புதானே நாய்க்குக் காட்டினோம்!

"எங்கள் தாய் தகப்பன் கொஞ்சிக் குலாவியா வாழ்ந்தார்கள்?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஊரில், "அவன் வந்தவுடனே உன்னைத்தான் தேடினவன்" என்று சொல்ல ஒரு மாமி இருந்தார். கோபத்தை ஆற்ற மச்சாள் இருந்தார். இங்கே நான்கு சுவர், இரண்டு பேர், அவர்களுக்கும் வெவ்வேறு நேரத்தில் வேலை. சொல்லாத அன்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாருமில்லை. ஆகவே நாமே காட்டவேண்டியிருக்கிறது.

அதற்குப் பெரிய செலவில்லை. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கும்போது, தாயையும் சேயையும் பிணைக்கும் ஒட்சிற்றோசின் என்ற சுரப்பு இருவரிலும் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர். ஒரு பார்வைக்கே இவ்வளவு வலிமை! அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன் புதுமணத் தம்பதியரை ஆறு ஆண்டுகளின் பின் ஆராய்ந்தார். சேர்ந்து வாழ்ந்தவர்கள், துணையின் சின்னச் சின்ன அழைப்புகளுக்கு 100க்கு 86 தடவை முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் கொடுத்தது 33 தடவை மட்டுமே.

மனிதரை நாயோடு ஒப்பிடலாமா? முழுவதும் ஒப்பிட முடியாது. நாய்க்கு வீட்டுக்கடன் இல்லை. கலியாண வீட்டில் யார் என்ன சொன்னார் என்ற கணக்கும் இல்லை. அது உணவுக்கு நம்மை நம்பியிருக்கிறது. கணவனும் மனைவியும் அப்படியல்லர், சமமானவர்கள். ஆதலால் வரவேற்பு ஒருவர் கடமையாக இருக்கலாகாது; முதலில் வீட்டில் இருப்பவர் எவரோ, அவர் எழுந்து வரட்டும். பூனையிடமும் ஒரு பாடம் உண்டு. அதற்கு மனமில்லாதபோது தூக்கினால் நழுவிவிடும். களைத்து வந்தவரைச் சற்று ஆறவிடுவதும் அன்புதான்.

நம் பிள்ளைகள் இல்லறத்தைப் பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை, நம்மைப் பார்த்தே படிக்கிறார்கள். இன்று கதவு திறக்கும் ஓசை கேட்டால், நாயோடு நாமும் வாசல்வரை போவோம். லைட் பில்லைப் பிறகு விசாரிக்கலாம்.