வென்ற பிறகு என்ன?

1927-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை (‘பின்’களை) வீழ்த்தும் பவுலிங் ஆட்டத்தில், அந்நாளின் பெரும் வீரரான ஜிம்மி ஸ்மித்தை ஃப்ளோரெட்டா மெக்கட்சன் தோற்கடித்தார். மூன்று ஆட்டங்களின் கூட்டுப் புள்ளி 704-க்கு 697. கொலராடோ மாநிலத்தின் புவெப்லோ ஊரில் வாழ்ந்த இந்த இல்லத்தரசி பவுலிங் பந்தைக் கையில் எடுத்ததே 35 வயதில்தான். ஸ்மித்தை வென்றபோது அவருக்கு 39. இந்த வெற்றி வியப்புக்குரியது. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தது இன்னும் பெரிது என்பேன். ஊர் ஊராகப் போய் ஆடிக் காட்டினார். பெண்களுக்கு வகுப்புகள் நடத்தினார். அவரிடம் கற்றவர்கள் இலட்சக்கணக்கானோர் என்று மதிப்பிடுகிறார்கள். ஒருவரின் திறமை அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் முழுமை பெறுகிறது.

ஏனென்றால், தனியொரு பெண்ணின் வெற்றியைத் தள்ளிவிடுவது சுலபம். அன்றைக்கு ஸ்மித்துக்கு நேரம் சரியில்லை என்று சொல்லலாம். இவர் பிறவி மேதை என்று புகழ்ந்தும் சொல்லலாம். அந்தப் புகழ்ச்சியே மற்ற பெண்களை வாசலோடு நிறுத்திவிடும். பயிற்சி வகுப்பு இந்தச் சாக்குக்கு இடம் கொடுப்பதில்லை. பவுலிங்குக்குப் புஜபலம் வேண்டும் என்ற எண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். வலக்கை ஆட்டக்காரரின் பந்து முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே சரியான கோணத்தில் நுழைந்தால், அது நேராகத் தொடுவது நான்கு பின்களை மட்டுமே. மீதி ஆறையும் சரிகிற பின்களே சாய்த்துவிடும். ஆக, முதலில் வேண்டியவை சீரான நடை, தோளிலிருந்து தளர்வாக ஊசலாடும் கை, பிசகாத குறி. மூன்றையும் சொல்லிக்கொடுத்து வரவழைக்கலாம்.

ஆண் சாம்பியன் வென்றாலே போதும் என்கிற உலகம், பெண்ணிடம் மட்டும் வெற்றிக்கு மேல் சேவையையும் எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கடமையை யார் தலையிலும் கட்டக் கூடாது. தன் ஆட்டத்தோடு நின்றுவிடும் வீராங்கனையும் மரியாதைக்குரியவரே. கற்பித்தல் மெக்கட்சனுக்குத் தொழிலும்தானே, அதில் பெருமை என்ன என்பது இன்னொரு வாதம். சம்பளம் வாங்குவதால் எந்த ஆசிரியரின் பாடமும் மதிப்பிழப்பதில்லை. கற்றுக்கொண்டவர் கையில் ஆட்டம் வந்ததா என்பதே கேள்வி.

முதன்முதலாக ஒரு துறைக்குள் நுழைந்த பெண்ணைக் கொண்டாடும்போது, அவர் யாரை வென்றார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவரால் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்றும் கேட்போம். மெக்கட்சனின் வாழ்க்கையை அளக்க அந்த ஏழு புள்ளி வித்தியாசம் போதாது.