நோயும் யோகமும்

நவி மும்பையின் ஐரோலியில், இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். படுத்தால் உறக்கமில்லை. காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது; கை நடுங்குகிறது; மூச்சு முட்டுகிறது. நாள்தோறும் பூஜை நடக்கும் வீட்டில் பிறந்தும் இந்நிலையா என்று அவன் நாணுகிறான். பெற்றோரோ பிறர் அறியாமல் மறைக்கின்றனர். நோயைவிட இந்த நாணமே அவனை அதிகம் வாட்டுகிறது.

பதஞ்சலி மகரிஷி நோயை நாணத்திற்குரியதாகக் கருதவில்லை. யோக சூத்திரத்தின் முதற்பாதத்தில் சாதகனுக்கு நேரும் ஒன்பது இடையூறுகளை அவர் எண்ணுகிறார். அவற்றுள் முதலாவது நோயே. துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு ஆகியவை இவ்விடையூறுகளுடன் சேர்ந்தே வரும் என்றும் அவர் கூறுகிறார். அந்த இளைஞனின் நிலை ரிஷி அறியாததன்று.

ஐரோலிக்கு மேற்கே, தாணே கடற்கழியைக் கடந்தால் மும்பை. அங்கே பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையின் மனநல மருத்துவர் என்.எஸ். வாஹியா, மகரிஷியின் கருத்துகளைச் சிகிச்சையாகவே வகுத்தார். ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாஹாரம், தாரணை, தியானம் என்னும் ஐந்து படிகள் கொண்டது அம்முறை. மனப்பதற்றத்தாலும், மனத்தின் காரணமாக எழும் உடல் நோய்களாலும் வருந்தியோர் மருத்துவரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில் அதைப் பயின்றனர்.

சாஸ்திரம் சொல்கிறது என்பதோடு வாஹியா நின்றுவிடவில்லை. அதைச் சோதித்தும் பார்த்தார். ஒரு பிரிவினர் ஐந்து படிகளையும் பயின்றனர். மற்றொரு பிரிவினருக்கு ஆசனம் போன்ற உடல்நிலைகளும், பிராணாயாமம் போன்ற மூச்சுப் பயிற்சியும் உண்டு; மனத்தை ஒருமுகப்படுத்துதல் மட்டும் இல்லை. முழுமையாகப் பயின்றவர்களே அதிக நலம் பெற்றனர் என்று, 1973-இல் அமெரிக்க உளச்சிகிச்சை இதழொன்றில் அவரும் சக மருத்துவர்களும் எழுதினர்.

இதில் சாதகர்களுக்கு இரு பாடங்கள் உள்ளன. உடலை மட்டும் வளைப்பது யோகமாகாது. மனம் உள்நோக்கித் திரும்பும்போதே அது யோகமாகிறது. மருத்துவரை நாடுவதோ பக்திக் குறைவாகாது. சாஸ்திரத்தைக் கையிலேந்தி மருத்துவமனைக்குள் சென்றவரே ஒரு மருத்துவர்தாம். அப்படியிருக்க, அந்த மருத்துவமனை வாயிலில் பக்தன் நாணி நிற்பானேன்?

வீட்டில் ஒருவர் உறக்கமின்றித் தவித்தால் அவரைக் கடிந்துகொள்ளாமல், அருகமர்ந்து கேட்பதே முதல் சேவை. காலையில் மருத்துவரிடம் துணையாகச் செல்வது இரண்டாவது. மாலையில் பூஜை விளக்கின் முன் அவருடன் அமைதியாக அமர்வது மூன்றாவது. இம்மூன்றும் இறைவழிபாடே.