ஓனஸ்ட்டா சொல்றேன்...



போன மாதம் ஞாயிறு சமய வகுப்பு முடிந்து, பக்கத்து மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். படிவம் 5 மாணவர்கள் நாலு பேர், நான் ஒருவன். பேச்சு எங்கெங்கோ போனது. விளையாட்டாக ஒரு சொல்லை மட்டும் எண்ண ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் 14 தடவை வந்தது.

"ஓனஸ்ட்டா சொல்றேன்ணா, ஹோம்வொர்க் செஞ்சிட்டேன், வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்." "ஓனஸ்ட்லி, அந்தப் படம் சுமார்தான்." "ஓனஸ்ட்டா சொன்னா, அவ ஆடுனது எனக்குப் பிடிக்கல."

எண்ணிக்கையைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தங்கச்சி மட்டும் திருப்பிக் கேட்டாள்: "நீங்க சொல்ல மாட்டீங்களாண்ணா?" நான் பில் கட்ட எழுந்து போய்விட்டேன். அவளுக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் எச் எழுத்தில் தொடங்கும், ஆனால் அந்த எச் ஒலிக்காது. லத்தீன் மொழியில் மதிப்பு, கௌரவம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முன்பு ஆங்கிலத்தில் அதற்கு 'மரியாதைக்குரிய ஆள்' என்ற பொருளும் இருந்தது. அதாவது, நாலு பேர் பார்வையில் நான் யார் என்பது அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

நம் சொற்கள் வேறு மாதிரி. உள்ளத்தில் இருந்தால் உண்மை, வாயில் இருந்தால் வாய்மை, உடம்பால் நடந்து காட்டினால் மெய்மை என்று பெரியவர்கள் விளக்குவார்கள். மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. சத்தியம் என்ற சொல்லும் 'சத்', அதாவது 'இருப்பது' என்பதிலிருந்து வந்தது. இருப்பது இருக்கிறது, அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் நம்புகிறாரா இல்லையா என்ற கேள்வியே இவற்றில் கிடையாது. (பள்ளியில் நன்னெறிக் கல்விக்கு நேர்மை, 'ஜுஜூர்' என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோமே, அது தனிக் கதை.)

இந்தச் சொல்லை நாம் எப்போது எடுக்கிறோம்? பெரும்பாலும் எதிரில் இருப்பவர் நம்பமாட்டாரோ என்ற பயம் வரும்போதுதான்.

மகாபாரதத்தில் துரோணரிடம் பீமன் வந்து "அசுவத்தாமன் செத்தான்" என்கிறான். செத்தது அந்தப் பெயர் கொண்ட யானை. துரோணர் பீமனை நம்பவில்லை. மகன் செய்தியை உறுதிப்படுத்த அவர் கேட்டது தருமரிடம் மட்டும். ஏன்? தருமர் பொய் சொன்னதே இல்லை. தருமரும் சொல்லிவிட்டார், 'யானை' என்பதை மட்டும் காதில் விழாதபடி முனகிவிட்டு. அதுவரை நிலத்துக்கு நாலு விரற்கடை மேலே ஓடிக்கொண்டிருந்த அவருடைய தேர் தரையைத் தொட்டது.

தேர் இறங்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. பொய்யன் பீமன் சொன்னபோது அந்தப் பொய் வேலை செய்யவில்லை. தருமர் சொன்னபோது வேலை செய்தது. அத்தனை வருட உண்மையும் ஒரு பொய்க்கு ஜாமீன் நின்றது.

என் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் நம் இளைஞர் முகாமுக்கு மளிகை வாங்கும் பொறுப்பு என்னுடையது. மீந்த 180 வெள்ளி என் கையில் இருந்தது. அந்த வாரம் என் கார் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. சம்பளம் வந்ததும் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். சம்பளம் வந்தது, போடவில்லை. பொருளாளர் அக்கா கணக்குக் கேட்டபோது, "ஓனஸ்ட்டா சொல்றேன்க்கா, முழுக்க செலவாயிடுச்சு, கடைசி ரசீது எங்கயோ விழுந்துடுச்சு" என்றேன். அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ சொன்னா சரிதான் தம்பி" என்று எழுதிக்கொண்டார்.

எனக்குச் சமாதானமும் தயாராக இருந்தது. குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே! முகாம் நன்றாக நடந்தது, யாருக்கு என்ன நஷ்டம்? 30-ஆம் அதிகாரத்தில் நமக்கு வசதியான குறள் அது ஒன்றுதான், அதனால் எல்லோருக்கும் அது மட்டும் தெரியும். அடுத்த குறளை யாரும் எடுப்பதில்லை. தன் நெஞ்சு அறிந்த ஒன்றைப் பொய்யாகச் சொன்னால், பிறகு அந்த நெஞ்சே சுடும் என்கிறார். நன்மை என்றாரே, யாருக்கு? என் காருக்கா?

அந்த மாமாக் கடை ஞாயிறு இரவே 180 வெள்ளியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "சாப்டியா தம்பி?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

"ரசீது தொலைஞ்சிருச்சுன்னு கமிட்டியில நான்தான் எழுந்து சொன்னேன். ஒருத்தர் சந்தேகப்பட்டார். அந்தப் பையனுக்கு நான் பொறுப்புன்னு சொன்னேன்" என்றார்.

அதுவரை அது என் பொய் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய்யே சொல்லாத அக்கா என் பொய்யைத் தன் வாயால் சபையில் சொல்லியிருக்கிறார்.

பணத்தை அவர் வாங்கவில்லை. "எங்கிட்ட குடுத்தா நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த கூட்டத்துல நீயே குடு" என்றார்.

கொடுத்தேன். 11 பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்றதும் பழக்கத்தில் வாய் "ஓன..." என்று ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டு, "அந்தப் பணத்தை நான் எடுத்தேன். அக்காவுக்குத் தெரியாது" என்றேன். சந்தேகப்பட்ட அந்தப் பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். கூட்டக் குறிப்பில் அது ஒரே வரி.

இந்த வருட முகாமுக்கு மளிகை வாங்க வேறு தம்பியை அனுப்பியிருக்கிறார்கள். அரிசி மூட்டை இறக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை காலை 7 மணிக்குப் போகிறேன்.