இயந்திரம் இயற்றியது எவருடையது?

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ‘லால் சலாம்’ திரைப்படத்திற்காக ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த பாடலொன்று வெளிவந்தது. அதில் ஒலித்த குரல்களுள் இரண்டு, மண்ணறைக்குச் சென்றுவிட்டவர்களுடையவை. பம்பா பாக்யா 2022இல் மறைந்தவர். சாகுல் ஹமீது 1997இல் சாலை விபத்தில் மறைந்தவர். ‘ஜென்டில்மேன்’, ‘திருடா திருடா’ படங்களில் சாகுல் ஹமீதின் குரலைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அக்குரல் புதியதொரு பாடலைப் பாடக் கேட்டது வியப்பாகவே இருந்திருக்கும். செயற்கை நுண்ணறிவு செய்த வேலை அது. குடும்பத்தாரிடம் இசைவு பெற்றதையும், உரிய ஊதியம் அளித்ததையும் ரஹ்மான் வெளிப்படையாகவே அறிவித்தார். கேளாமல் எடுத்துக்கொள்வோர் மலிந்த இக்காலத்தில் அது பாராட்டத்தக்க செயலே.

எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பாட்டெழுதியவர்க்கும் மெட்டமைத்தவர்க்கும் சட்டம் உரிமை வகுத்திருக்கிறது. அந்தக் குரல் எவருடையது? மறைந்தவருடையதா, வாரிசுகளுடையதா, இயந்திரத்தை இயக்கியவருடையதா?

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1994இல் திருத்தப்பட்டபோது, கணினி வழியாக உண்டாகும் படைப்புக்கு, அது உண்டாகக் காரணமாக இருந்தவரே ஆசிரியர் என்று வரையறுத்தது. அன்றைய கணினி ஏவிய வேலையை மட்டும் செய்தது. அதனால் அவ்வரையறை போதுமானதாக இருந்தது. இன்றோ கட்டளையிடுபவர் ஒருவர், இயந்திரத்தை ஆக்கியவர் மற்றொருவர். ‘காரணமாக இருந்தவர்’ இவர்களுள் யார்? ‘ராகவ்’ என்னும் மென்பொருளைக் கொண்டு ஓவியம் ஒன்றை உருவாக்கிய வழக்கறிஞர் அங்கித் சஹானி, தம்மையும் அம்மென்பொருளையும் கூட்டாசிரியராகக் காட்டி 2020இல் இந்தியப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவும் பெற்றார். மறு ஆண்டே அப்பதிவைத் திரும்பப் பெறுவதாக அவ்வலுவலகம் அறிவிப்பு அனுப்பியது. அமெரிக்க அலுவலகம் 2023 டிசம்பரில் அதே ஓவியத்திற்கு உரிமை தர முடியாதென இறுதியாக மறுத்தது. ஆனால் அதற்கு முந்திய மாதத்தில்தான் பெய்ஜிங் நீதிமன்றம், வேறொரு படத்தில், கட்டளையிட்டவர்க்கே உரிமை உண்டெனத் தீர்ப்பளித்திருந்தது. உலகம் இன்னும் தெளியவில்லை.

‘காரணமாக இருந்தவர்’ என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எமக்குச் சீறாப்புராணம் நினைவுக்கு வருகிறது. உமறுப்புலவரை அப்பணியில் ஏவியவர் வள்ளல் சீதக்காதி. அவர் மறைந்தபின் தாங்கி நின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அவர்கள் இல்லையேல் காப்பியம் இல்லை. ஆயினும் சீறாவை மரைக்காயர் இயற்றினார் என்று தமிழுலகில் எவரும் சொன்னதில்லை. புலவர் தம் நன்றியைப் பாட்டினுள்ளேயே வைத்தார். வள்ளல்கள் அதனோடு நிறைந்தார்கள். அவ்வள்ளல்கள் பொருளாவது கொடுத்தார்கள். இன்று இரண்டு வரிக் கட்டளை தட்டியவர் தம்மைப் புலவர் என்கிறார்!

அங்கே வள்ளலுக்கு எதிரில் ஓர் உமறு இருந்தார். இயந்திரத்துக்குள் இருக்கும் உமறு யார்? அது எழுதக் கற்றது, பல்லாயிரவர் எழுதிவைத்தவற்றைத் தின்றுதான். எங்கள் முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையை எண்ணிப் பாருங்கள். நூறு ஊர்க் கரும்பு ஒரே அரவையில் கலந்து சாறாகிறது. மூட்டையிலுள்ள சர்க்கரையில் எந்தப் பரல் எவர் வயலில் விளைந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் வண்டி உள்ளே நுழையும்போதே எடைமேடையில் நிறுக்கப்படுகிறது, ரசீது உண்டு, அரசு குறித்த விலை உண்டு. பணம் தாமதமாக வரும் ஆண்டுகளிலும் கணக்கு மட்டும் எழுத்தில் நிற்கும். செயற்கை நுண்ணறிவு ஆலைகளோ எடைமேடையே இல்லாமல் அரைத்திருக்கின்றன. இதைக் கேட்டுத்தான் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நடுவணரசின் தொழில்துறை அமைத்த குழு, 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வுத்தாளில், எழுத்தையும் இசையையும் இயந்திரப் பயிற்சிக்குக் கொள்ள எல்லார்க்கும் அனுமதி, உரியவர்க்குக் கட்டாய ஊதியம் என்று ஒரு வழியை முன்மொழிந்தது.

ஊதியம் வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. ஆனால் கரும்பு பயிரிடுபவர் விருப்பமில்லையேல் அடுத்த ஆண்டு நெல்லோ மணிலாவோ போட்டுக்கொள்ளலாம். அம்முன்மொழிவின்படி எழுதுபவர் ‘என்னுடையதை அரைக்காதே’ என்று சொல்ல இயலாது. விலை தருகிறோம் என்பதால் விற்க மறுக்கும் உரிமை போய்விடுமா? வணிகத்தில் இருபுறத்துப் பொருத்தமும் வேண்டும் என்று ஓதிக்கொடுக்கும் எமக்கு அது மனம் ஒப்பவில்லை.

நூலுரிமை மேல்நாட்டுச் சரக்கு, நம் மார்க்க நூல்களில் இல்லாதது என்பார் உண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், ஆசிரியரின் உரிமை மதிப்புடைய சொத்து, அதில் அத்துமீறுதல் கூடாது என்று முடிவு செய்தது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இமாம் சுயூத்தி, நூலாசிரியனுக்கும் திருடனுக்கும் உள்ள வேற்றுமையைக் கூற ஒரு தனி நூலே எழுதினார். சொன்னவர் பெயரோடு சொல்லை ஒப்படைப்பது நம் கல்வி மரபின் உயிர். ஹதீஸ் கலை வல்லார் ஒரு சொல் நல்ல சொல்லா என்று மட்டும் பார்த்து நிற்கவில்லை. அவர் அதைச் சொன்னாரா என்று கேட்டார்கள். கருத்து நன்று, நடையும் அவருடையதே என்பதற்காக, சொல்லாத ஒன்றை ஒருவர் வாயில் வைப்பதை அவர்கள் ஏற்றதில்லை. திரைப்பாட்டை ஹதீஸோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் சினங்கொள்ள வேண்டாம். அளவுகோலை மட்டுமே இரவல் வாங்குகிறோம்.

அவ்வளவுகோலால் பார்த்தால், குரல் பற்றிய வினா இரண்டாகப் பிரிகிறது. இறந்தவர்க்கு வரவேண்டிய கடனை வாரிசுகள் வாங்கலாம்; அவ்வாறே குரலுக்கான ஊதியத்தையும் பெறலாம். ஆனால் மாண்டவர் சொல்லாததைச் சொன்னதாகச் சாட்சி கூற வாரிசுக்கும் உரிமை இல்லை. அவ்வரிகளைப் பாட சாகுல் ஹமீது இசைந்திருப்பாரா? அவரன்றி வேறெவரும் விடை கூற முடியாத வினா அது. உயிருள்ளோர் நிலை எளிது. தம் குரலைப் போலி செய்ததற்காகப் பாடகர் அரிஜித் சிங் பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடி, 2024 ஜூலையில் இடைக்காலத் தடை பெற்றார். அவர் வாய் திறந்து ‘வேண்டாம்’ என்றார். மறைந்தவர்க்கு அவ்வாயில்லை.

ஆகவே ஊதியமும் இசைவும் முடிந்த பின்னும் ஒரு கடன் பாக்கியிருக்கிறது. ‘பாடியவர்’ என்று அச்சிடும் இடத்தில் மறைந்தவரின் பெயரை மட்டும் போட்டு நிறுத்தாமல், ‘இன்னாரின் குரலைக் கொண்டு கணினியால் ஆக்கப்பட்டது, பாடக் கட்டளையிட்டவர் இன்னார்’ என்று எழுதிவிடலாம். ஒரு வரிதான் கூடும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்பாடலைக் கேட்கும் பிள்ளை, சாகுல் ஹமீது எதைப் பாடினார், எதைப் பாடவில்லை என்று பிரித்தறிய அவ்வொரு வரியே இஸ்னாதாக நிற்கும்.