பந்தல் சட்டையில் ஒரு பெயர்

இன்று ஒரு டீ-சட்டையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

மாசி மகம் வந்தால் எங்கள் மஸ்ஜித் தானா பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு, சுங்கை ஊடாங் வழியாகச் செங் போகும். சன்னாசிமலை ஆண்டவர் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போட. மலாக்கா நகரில் 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து கிளம்பும் வெள்ளி ரதம் செங் வந்து சேர்வதற்குள் எங்கள் அடுப்பு எரிய வேண்டும். ஒரு நீல டிரம்மில் மோர், இன்னொன்றில் ரோஸ் சிரப், பெரிய குவாலியில் மீகூன். இரண்டு ராத்திரியும் படுக்கை அங்கேயேதான், தார்ப்பாய்க்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளில் சிதறிப்போனவர்கள், வருஷத்தில் அந்த இரண்டு நாள் மட்டும் மறுபடியும் ஒரே லயத்துக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. முதுகில் பந்தல்காரர்களின் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். வெங்காயம் உரிக்கும் அக்காவின் பெயரும் உண்டு, குப்பை கட்டும் பையனின் பெயரும் உண்டு.

சில வருஷங்களுக்கு முன், அந்த வரிசையில் இருந்த ஒரு தம்பி, மாசிக்கு நான்கு மாதம் இருக்கும்போது தன் உயிரை மாய்த்துக்கொண்டான். எங்கே, எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்றும் சொல்ல முடியாது. கடன் என்றார்கள், காதல் என்றார்கள், குடி என்றார்கள். ஒற்றைக் காரணத்தை அடித்துச் சொல்கிற யாரையும் இந்த விஷயத்தில் நான் நம்புவதில்லை.

பந்தலில் அவனுக்கு ஜெனரேட்டர் வேலை. பழைய ஜெனரேட்டர். வேறு யார் இழுத்தாலும் இருமிவிட்டு நின்றுவிடும். அவன் கைக்கு மட்டும் அடங்கும்.

அவன் போன பிறகு வாட்ஸ்அப் குழுவில் அவன் எண் அப்படியே கிடந்தது. அதை நீக்கவும் யாருக்கும் கை வரவில்லை, அவன் பெயரைச் சொல்லி ஒரு வரி எழுதவும் கை வரவில்லை. சட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் நாள் வந்தபோதுதான் வாயைத் திறந்தாக வேண்டியதாயிற்று. தலைவர், “பேரு போட்டா கேள்வி வரும்பா, விட்டுடுங்க” என்றார். இளவட்டங்கள் நேர் எதிர். பந்தலுக்கே அவன் பெயரை வைக்க வேண்டும், படத்தோடு பெரிய பேனர் கட்ட வேண்டும் என்றார்கள். குரல் உயர்ந்தது. ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

அவனுடைய அம்மாதான் எங்கள் வெங்காயக்கார அக்கா. அந்த வருஷம் வரமாட்டார் என்றே நினைத்திருந்தோம். கூட்டம் நடந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். பேச்சு நின்றது. “பாத்தீங்களா, இதான். நான் வந்தா எல்லாரும் வாய மூடிக்கிறீங்க. என் பிள்ளைன்னு ஒருத்தன் இருந்தான்ல? அவன் பேரச் சொல்லுங்கப்பா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தோட்டத்துக் காலத்திலிருந்தே இப்படிப் போனவர்களின் காரியத்தைச் சட்டென முடித்துவிடுவார்கள். அக்கம்பக்கம் குசுகுசுவென்று பேசும். இத்தனைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கூட்டிக்கொண்டு வந்த நம் காவல் தெய்வங்களில் பலர், மதுரைவீரன் உள்பட, காலம் முடியாமல் செத்தவர்கள்தானே? அவர்களுக்குக் கல் நட்டுச் சுருட்டும் படைக்கிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை.

சட்டமும் சேர்ந்து மிரட்டியது. நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, உயிரை விட முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2023-ல்தான் நீக்கினார்கள். அதுவரை, தப்பிப் பிழைத்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற குடும்பம் டாக்டரிடம் என்ன பொய் சொல்வது என்றும் சேர்த்தே யோசித்தது. அதே 2023-ல் போலீஸ் கணக்கில் 1,087 தற்கொலைகள். அதற்கு வெகுகாலம் முன்பே, 2009-ஆம் ஆண்டுத் தேசியத் தற்கொலைப் பதிவேட்டில், மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இந்தியர்கள்தாம் மற்ற இனத்தாரைவிட முன்னால் நின்றார்கள். முன்னால் நிற்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது.

சரி, சட்டைக்கு வருவோம். மனநல ஆலோசகராக வேலை செய்யும் ஒரு தங்கையிடம் போய்க் கேட்டோம். அவர் சொன்னது ரொம்பச் சாதாரணம். “பந்தல்ல வேற யாராச்சும் இறந்தா என்ன செய்வீங்களோ, அதையே இவருக்கும் செய்யுங்க, அண்ணே. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.” பேனர் கட்டி வீரனாக்கினால், மனம் நொந்து கிடக்கும் இன்னொரு பையன் அந்தப் படத்தில் தன்னைப் பார்க்கக்கூடும். பெயரையே அழித்தாலோ, ‘நான் போனாலும் இப்படித்தான் துடைத்துவிடுவார்கள்’ என்று அவனுக்குத் தோன்றும். அந்த வருஷம்தான் மீகூன் கிளறும் தாத்தாவும் மாரடைப்பில் போயிருந்தார். ஆக, சட்டை முதுகில் கடைசி வரியில், ‘நினைவில்’ என்று போட்டு இரண்டு பெயர்கள். ஒரே அளவு எழுத்து.

நம் பந்தலுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெவாடா பாலைவனத்தில் ஆண்டுதோறும் ‘பர்னிங் மேன்’ என்றொரு விழா நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டு ஒரு வாரம் தங்குவார்கள். டேவிட் பெஸ்ட் என்ற சிற்பி 2000-த்தில், விபத்தில் இறந்த ஒரு நண்பரின் நினைவாக அங்கே மரத்தில் ஒரு கோயில் கட்டினார். பொம்மை டைனோசர் வெட்டி எடுத்தபின் மிஞ்சிய பலகைதான் மரம்! கூடாரத்துச் சனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை அதில் எழுத ஆரம்பித்தார்கள். மறு ஆண்டு கட்டியதற்குக் ‘கண்ணீர்க் கோயில்’ என்று பெயர். அதில் தற்கொலையில் போனவர்களுக்கென்றே இடம் ஒதுக்கினார். விழா முடிவில் பெயர்களோடு சேர்த்துக் கோயிலை எரித்துவிடுவார்கள். ஆட்டமும் பாட்டுமாகக் கூடுகிற கூட்டத்துக்கும் அழ ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது.

எங்களுக்குக் கோயில் கட்ட வசதியில்லை. பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்தைத் தாண்டி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். முறை வைத்து ஒருவர் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். முதல் வருஷம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை; தலைவர்கூட, “இதுக்கு நாலு டம்ளர் கழுவியிருக்கலாம்” என்று கிண்டல் செய்தார். அடுத்த வருஷம் ஒரு பையன் வந்து போன் சார்ஜ் போட வேண்டும் என்றான். சார்ஜ் போடும் இடம் முன்பக்கம் இருக்கிறது, அது அவனுக்கும் தெரியும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு முறை வெங்காயக்கார அக்காவுடையது. சாப்பிட்டாயா என்று ஆரம்பித்தவர், கடைசியில் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்: “ஏம்பா, செத்துடலாம்னு தோணுதா?”

இப்படி நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கிளப்பிவிட்டதாகிவிடும் என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டால் மூச்சு விட ஒரு வழி கிடைக்கிறது. அந்தப் பையன் தலையை மட்டும் ஆட்டினான். அக்கா அவன் கையை விடாமல், என்னைக் கூப்பிட்டு பிஃபிரெண்டர்ஸ் உதவி எண்ணைப் போடச் சொன்னார். 03-7627 2929. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கே வேண்டியிருந்தால் இப்போதே கூப்பிடுங்கள். என் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பையனை வீட்டுக்குத் தனியாக அனுப்பவில்லை. விடியும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தோம். மறுவாரம் கிளினிக்குக்கு அவனோடு தலைவர்தான் போனார்.

இந்த வருஷம் ஜெனரேட்டர் அவன் பொறுப்பு. முதல் நாள் சாயங்காலம் இழுத்து இழுத்துப் பார்த்தான், வழக்கம்போல இருமியது. டிரம்மில் மோர் கலக்கிக்கொண்டிருந்த ஒருவர் அங்கிருந்தே, போன தம்பியின் பெயரைச் சொல்லி, “அவன் சோக்கைப் பாதிதான் இழுப்பான்டா, முழுசா இழுக்காதே” என்று கத்தினார். வெங்காயத்திலிருந்து அக்கா தலை நிமிர்ந்து பார்த்தார். பையன் பாதி இழுத்தான். பந்தலில் விளக்கு எரிந்தது.